ஒரு பகலில் இரு களங்கள்

"ஐயா, அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?"

குண்டசாலையில் என்னிடம் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் இவ்வாறு வினவினான். விடுமுறை நாளொன்றில் போர்க்களம் காணச் செல்வோம் என்று வகுப்பில் நான் கூறியதன் விளைவு அது. கோட்டை கொத்தளம் எதுவும் அங்கே இல்லை. ஆறும் மேடும் மரங்களுமே உள. அவன் வினா நேர்மையானது. அதற்கு விடை தேடியே இச்செலவினை வகுக்கத் தொடங்கினேன்.

முதலிற் கன்னொறுவை. பேராதனைப் பூந்தோட்டத்திற்கு எதிரே, மகாவலி கங்கையின் மறுகரையில் உள்ளது அவ்வூர். 1638ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் பறங்கியர் படை அங்கே அழிந்தது. தியோகோ த மெலோ த கஸ்த்ரோ என்னும் பறங்கித் தளபதி, சமாதானம் வேண்டி இரண்டாம் இராஜசிங்கன் விடுத்த தூதினை எள்ளி நகையாடிவிட்டுக் கண்டியின்மேற் படையெடுத்தான். நகரத்துட் புகுந்தபோது அங்கே எதிர்ப்பார் எவருமிலர், குடிகளும் வெளியேறியிருந்தனர். வெற்று நகருக்குத் தீயிட்டு, வெற்றி பெற்றதாக எண்ணித் திரும்பினர் பறங்கியர். திரும்பும் வழியிலன்றோ போர் காத்திருந்தது! இராஜசிங்கனும் அவன் தமையன் விஜயபாலனும் கன்னொறுவையில் அவர்களை வளைத்துக்கொண்டனர். பறங்கியருடன் வந்த லஸ்கரின்கள் என்னும் உள்நாட்டுப் படைஞர் பலர் அவர்களைக் கைவிட்டனர். பறங்கியருட் பிழைத்தோர் முப்பத்து மூவரே என்பர். அவ்வாண்டு மே மாதத்திலேயே ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் பறங்கியரிடமிருந்து கைப்பற்றி, இராஜசிங்கனோடு உடன்படிக்கையும் செய்துகொண்டனர். ஒருவரை ஓட்ட மற்றொருவரை அழைத்த கதை அது. அதனை விரிப்பின் இப்பத்தி போதாது.

இங்கே ஒன்று கூறாதிருக்க இயலவில்லை. நம் இலக்கணத்தில் ஏரோர் களவழி என்றும் தேரோர் களவழி என்றும் இரண்டு கூறுவர். உழவர் நெற்களத்தைப் பாடுவது ஒன்று, மறவர் போர்க்களத்தைப் பாடுவது மற்றொன்று. போரையே உழவாக உருவகிப்பதும் நம் புலவர்க்குப் பழகிய வழி. கன்னொறுவையிலோ உருவகம் வேண்டியதில்லை. தேரோர் களம் இருந்த ஊரில் இன்று விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையங்களும் விளைநிலங்களும் உள்ளன. புறத்திணை கற்கும் மாணவர்க்கு இதனினும் நல்ல உரைநூல் எங்கே கிடைக்கும்?

செலவின் ஒழுங்கைப் பற்றிச் சிறிது எண்ண வேண்டும். குண்டசாலையிலிருந்து மிக அண்மையிலுள்ள களம் வட்டப்புலுவ. ஆதலின் அதனை முதலிற் பார்த்துவிடலாம் என்றார் உடனாசிரியர் ஒருவர். நான் உடன்படவில்லை. கண்டியரின் போர்முறை, பகைவனை நகருக்குள் வரவிட்டு, அவன் திரும்பும் வழியை அடைப்பது. காடும் கணவாயும் காய்ச்சலும் மழையும் அவர்க்குத் துணைப்படைகள். ஆகவே நாமும் கண்டி நகரிலிருந்து புறப்பட்டு, பின்வாங்கும் படை நடந்தது போலவே வெளிநோக்கிச் செல்ல வேண்டும். காலையில் தலதா மாளிகையின் முன்னே நின்று, பின்னர்க் கன்னொறுவை. அங்கே கட்டுச்சோறு உண்டபின், ஆற்றை ஒட்டி ஹல்லொலுவை வழியாகக் கட்டுகஸ்தோட்டை. மாலையில் வட்டப்புலுவ. அங்கிருந்து வீடு அண்மையே.

வட்டப்புலுவவில் நிகழ்ந்தது போர் அன்று, படுகொலை. 1803இல் ஆங்கிலேயரும் பறங்கியர் கண்டதைப் போன்ற வெற்று நகரையே கண்டனர். முத்துசாமி என்னும் நாயக்க இளவரசனை அரியணையில் ஏற்றிவிட்டுப் பெரும்படை திரும்பியது. மேஜர் டேவி சிறு காவற்படையுடன் எஞ்சினான். நோய் அப்படையைத் தின்றது. ஜூன் 24ஆம் நாள் கண்டியர் தாக்க, டேவி பணிந்து, திருகோணமலைக்குச் செல்ல இசைவு பெற்று வெளியேறினான். வட்டப்புலுவத் துறையில் மகாவலி பெருக்கெடுத்து ஓடிற்று. கடக்க ஓடம் இல்லை. கரையில் தங்கியிருந்தவர்களிடம் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனின் ஆட்கள் வந்து, முத்துசாமியை ஒப்படைக்குமாறு கேட்டனர். டேவி முதலில் மறுத்தான், பின்பு கொடுத்துவிட்டான். முத்துசாமி கொல்லப்பட்டான். அவனைக் கொடுத்தும் படை தப்பவில்லை. 26ஆம் நாள் ஆங்கிலச் சிப்பாய்கள் கொன்று வீழ்த்தப்பட்டனர். நகரில் விட்டுவந்த நோயாளரும் பிழைத்திலர். காயத்தோடு ஆற்றை நீந்திக் கடந்த பார்ன்ஸ்லி என்னும் கோப்பிரல் செய்தி கொண்டு சென்றான். டேவி சிறையிலேயே சில ஆண்டுகள் வாழ்ந்து மாண்டான். அவன் பெயரால் அங்கே ஒரு மரத்தடியும் நினைவுக்கல்லும் உள்ளன. முத்துசாமியின் பெயரைத் தாங்கிய மரத்தை நான் கண்டதில்லை.

கொன்ற மன்னனும் நாயக்கன், கொல்லப்பட்ட இளவரசனும் நாயக்கன். எங்கள் குண்டசாலையில் அரண்மனை அமைத்து வாழ்ந்த ஸ்ரீ வீர நரேந்திரசிங்கன் 1739இல் மறைந்தபின், மதுரையிலிருந்து வந்த அவன் அரசியின் உடன்பிறந்தானுக்கு முடி சென்றது. அக்கிளையின் இறுதிப் பூசலே வட்டப்புலுவக் கரையில் நிகழ்ந்தது. மலாய் வீரர் இரு பக்கத்திலும் இருந்தனர். கன்னொறுவையிலோ, பறங்கியரோடு வந்தோருட் பெரும்பாலோர் இந்நாட்டவரே.

இவற்றை வகுப்பில் கூறியபொழுது மற்றொரு மாணவி எழுந்து, "அப்படியானால் நம்மவர் யார், ஐயா?" என்றாள். முப்பதாண்டுப் போர் 2009இல் முடிந்த நாட்டில் பிறந்த பிள்ளை கேட்கும் வினா இது. பாடநூலைப் பார்த்து விடை சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆற்றங்கரையில் நின்று கேள் என்றேன்.

நாள் குறிப்பதிலும் இடர் உண்டு. வட்டப்புலுவவுக்கு ஏற்ற மாதம் ஜூன். தென்மேற்குப் பருவமழையில் ஆறு பெருகுவதைக் கண்டாலன்றி டேவியின் இடுக்கண் விளங்காது. ஆயினும் பிறர் பிள்ளைகளை வெள்ளக் கரைக்கு அழைத்துச் செல்வது தகாது. மார்ச்சு மாதமே துணிந்தேன். அப்போது நீர் மெலிந்திருக்கும். மேலும், 1976இல் பொல்கொல்லையில் எழுந்த அணை ஆற்றின் ஒரு பகுதியைச் சுரங்கவழி உக்குவளைப் பக்கம் திருப்பிவிட்டது. ஒரு படையைத் தடுத்து நிறுத்திய ஆறு இதுவா என்று பிள்ளைகள் ஐயுறுவர். அதற்கெனப் பழைய வரைபடம் ஒன்றைப் படியெடுத்து வைத்திருக்கிறேன்.

மற்றவை எளியன. பெற்றோர் ஒப்பம் முன்வாரமே வர வேண்டும். தொப்பி, தண்ணீர், குறிப்பேடு அவரவர் கொணர்தல் வேண்டும். உச்சிவெயிலுக்குமுன் கன்னொறுவையிற் கேட்பதைக் கேட்டு முடித்தல் நன்று. ஆற்றில் எவரும் இறங்கலாகாது. இவ்விதியில் நீச்சல் அறிந்தோர்க்கும் விலக்கில்லை. முதல் வினாவைக் கேட்ட மாணவன்தான் பெயர்ப்பட்டியலில் முதலாவதாகக் கையொப்பமிட்டிருக்கிறான்.