தசை திறக்கும் கதவு

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் யாருக்காவது இனிப்புநீர், அதாவது நீரிழிவு, இருக்கிறதா? புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என எந்த ஊர்த் தமிழ்ப்பள்ளியில் இதைக் கேட்டாலும் பல கைகள் உயரும். மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவருக்கு நீரிழிவு என்று 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வு சொல்கிறது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால், ஏறத்தாழ 4 பேரில் ஒருவர்.

வீட்டில் ஒருவருக்கு நோய் என்றதும் நாம் என்ன செய்கிறோம்? "நீங்க சும்மா உட்காருங்க தாத்தா, நான் எடுத்துட்டு வர்றேன்" என்கிறோம். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் தாத்தாவின் தசைகளுக்கு அது நல்லதல்ல.

எழுந்து நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துங்கள். முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் தொட்டுப் பாருங்கள். கெண்டைக்கால் தசை கல்லாக இறுகியிருக்கும். இறக்கினால் தளரும். இப்படிச் சுருங்கித் தளர அதற்குச் சக்தி வேண்டும். அந்தச் சக்திக்காக அது எரிக்கும் பொருள்களில் ஒன்று குளுக்கோஸ், அதாவது இரத்தத்தில் ஓடும் சர்க்கரை.

இரத்தத்திலிருந்து தசைச் செல்லுக்குள் சர்க்கரை நுழையக் கதவுகள் உண்டு. குளூட்-4 என்ற புரதம்தான் அந்தக் கதவு. நாம் சும்மா இருக்கும்போது இந்தக் கதவுகளில் பெரும்பாலானவை செல்லின் உள்ளே சின்னஞ்சிறு பைகளில் அடைந்து கிடக்கும். கணையம் சுரக்கும் இன்சுலின் வந்து தூண்டினால் மேற்பரப்புக்கு வரும். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்சுலின் தூண்டினாலும் தசை சரிவர இணங்காது. சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கிவிடும்.

இப்போது அதிசயத்தைக் கேளுங்கள். தசை வேலை செய்தால் இன்சுலின் தூண்டாமலேயே அந்தக் கதவுகள் மேலே வருகின்றன! தசை சுருங்குவதே போதும். நடந்து முடித்த பிறகும் பல மணி நேரத்துக்குத் தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்குகிறது. பிறகு அந்தப் பலன் குறைந்துவிடும். அதனால்தான் வாரத்துக்கு ஒருநாள் நிறைய நடப்பதைவிட அன்றாடம் கொஞ்சம் நடப்பது மேல்.

உங்கள் தாத்தா பாட்டி காலத்தில் இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய், மரத்துக்கு மரம் நடந்து, குனிந்து நிமிர்ந்து பட்டை சீவி, பால் வடிய மங்கு வைத்து, பிறகு அதே நிரையில் திரும்பி வந்து பால் எடுத்து, வாளிகளைத் தோளில் சுமந்தார்கள். ஒருவருக்கு 300, 400 மரங்கள்கூட இருக்கும். கூலியோ குறைவு, உழைப்போ கடுமை; அந்த வாழ்க்கை திரும்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பலர் தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது, கால்களின் வேலையும் போய்விட்டது. சோறு மட்டும் குறையவில்லை.

வேலைக்கும் உடம்புக்கும் உள்ள உறவை லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1953இல் எழுதினார். மாடிப் பேருந்துகளில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. நம் சென்னையிலும் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்களை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். அந்த முடிவு 2006இல் வெளிவந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவைச் சீராக்கித் தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொல்லப்பட்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது.

நோய் வந்துவிட்டவர்களும் நடக்கலாம், நடக்க வேண்டும். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு போன்ற நீண்டகால நோய் உள்ளவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை இயக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. முதலில் கிளினிக்கில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். பத்து நிமிடத்தில் தொடங்கினால் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம். முழங்கால் வலிக்கும் பாட்டிக்கு புக்கிட் மெலாவத்தி மேடு வேண்டாம். அடிவாரத்து இயற்கைப் பூங்காவின் சமதளப் பாதை போதும். அதுவும் முடியாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கலாம்.

இங்கேதான் உங்கள் உதவி தேவை. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் நடக்கும்போது சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் உடனே உட்கார வைத்து இனிப்பு கொடுங்கள். சட்டைப் பையில் எப்போதும் மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சு வலித்தால் நடையை நிறுத்திப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். நீரிழிவு நரம்பை மரக்கச் செய்வதால் காலில் கொப்புளம் வந்தாலும் அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். சிலிப்பர் வேண்டாம், சப்பாத்து போடட்டும். வீடு திரும்பியதும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் உங்கள் கூர்மையான கண்களால் பாருங்கள்.

இன்று மாலை வெயில் தாழ்ந்ததும், "வாங்க தாத்தா, ஒட்டுக்கடை வரைக்கும் நடந்துட்டு வருவோம்" என்று கூப்பிடுங்கள். கடையில் தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.