காமாக் கதிர் வெடிப்பும் சூரியச் சுவாலையும்



வானில் ஏதோ ஒன்று வெடித்தது, அதன் கதிர்கள் பூமியை வந்தடைந்தன என்னும் பொருள்படச் செய்தித்தாள்களில் அவ்வப்போது தலைப்புகள் வெளிவருகின்றன. வெடித்தது சூரியனா, அன்றிச் சூரியனுக்கு அப்பால் எண்ணிப் பார்க்கவும் இயலாத தொலைவிலுள்ள வேறொன்றா என்பதை அத்தலைப்புகள் கூறுவதில்லை. கீழேயுள்ள செய்தியைப் படித்தாலும் பல வேளைகளில் தெளிவைக் காட்டிலும் அச்சமே மிஞ்சுகின்றது. சூரியச் சுவாலை வேறு. காமாக் கதிர் வெடிப்பு வேறு. இரண்டும் திடீரெனத் தோன்றி மறைவன, இரண்டும் கண்ணுக்குப் புலப்படாத கதிர்களை வீசுவன என்பது உண்மையே. அவ்வொற்றுமையினால், ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே சூரியனைத்தானா என்று ஆராய வேண்டியதாயிற்று.

முதலில் அண்மையிலுள்ளதைப் பார்ப்போம். சூரியன் கொதிக்கும் வாயுக் கோளம். அதன்மீது தோன்றும் கரும்புள்ளிகளின் அருகே காந்தப் புலம் மிக வலியது. வாயுவின் ஓட்டத்தினால் காந்த விசைக் கோடுகள் கயிறு போல் முறுக்கேறிக்கொண்டே போகின்றன. முறுக்கு அளவு கடந்தவுடன் அவை அறுந்து வேறு வகையில் இணைகின்றன. அதுவரை சேர்ந்திருந்த ஆற்றல் சில நிமிடங்களில் ஒளியாகவும் எக்ஸ் கதிர்களாகவும், ஓரளவு காமாக் கதிர்களாகவும் வெளிப்படுகின்றது. இதுவே சுவாலை. விரைந்து எழுந்து மெல்லத் தணிவது இதன் இயல்பு.

1859-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் என்பவர் சூரியனின் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது, அவற்றின் நடுவே இரண்டு வெண்ணொளிகள் பளிச்சிட்டதைக் கண்டார். சாட்சிக்கு ஒருவரை அழைத்துவர ஓடினார். ஒரு நிமிடத்திற்குள் திரும்பி வந்தபோது ஒளி மங்கத் தொடங்கிவிட்டது. நல்வேளையாக, ரிச்சர்ட் ஹாட்ஜ்ஸன் என்னும் மற்றொருவரும் வேறிடத்திலிருந்து அதைக் கண்டிருந்தார். ஏறக்குறைய பதினேழரை மணி நேரம் கழித்துப் பூமியின் காந்தப் புலம் பெரிதும் கலங்கிற்று. தந்திக் கம்பிகள் தாறுமாறாயின. ஒளி எட்டு நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் இங்கு வந்துவிடும். உடன் கிளம்பிய மின்னூட்டத் துகள்களின் மேகமோ பின்தங்கி வருகின்றது. கம்பிகளைக் கலக்கியது அம்மேகமே. 1989 மார்ச் 13 அன்று கனடா நாட்டின் கியூபெக் மாகாணம் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்ததற்கும் இத்தகைய புயலே காரணம்.

இனி, மற்றதற்கு வருவோம். அது கண்டறியப்பட்ட வரலாறு விந்தையானது. வானவெளியில் அணுகுண்டுச் சோதனை செய்யலாகாது என்று 1963-இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. யாரேனும் அதை மீறுகின்றனரா என்று கண்காணிக்க, அமெரிக்கா ‘வேலா’ என்னும் செயற்கைக் கோள்களை அனுப்பிற்று. குண்டு வெடித்தால் காமாக் கதிர்கள் எழும். அவற்றைக் கண்டு சொல்வதே அக்கோள்களின் பணி. 1967 ஜூலை 2 அன்று அவை ஒரு காமாக் கதிர்த் துடிப்பைப் பதிவு செய்தன. அது குண்டின் அடையாளத்தோடு ஒத்திருக்கவில்லை. சூரியனா என்று பார்த்தார்கள். அந்நாளில் குறிப்பிடத்தக்க சுவாலை எதுவும் இல்லை.

ஆயினும் ஒரு நாளைய குறிப்பு போதாது. திசை தெரிய வேண்டும். காமாக் கதிரைக் கண்ணாடிவில்லை கொண்டு குவித்துப் பார்க்க இயலாது. அவர்கள் கையாண்ட வழி எளியது, அழகியது. ஒளியைப் போலவே காமாக் கதிரும் வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்வது. பூமியிலிருந்து லட்சம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், ஒன்றுக்கொன்று எதிர்ப்புறத்தில் இரண்டு கோள்கள் சுற்றுமாயின், ஒரே கதிர் ஒன்றை அடைந்து மற்றொன்றை அடைவதற்குள் ஒரு வினாடியின் பெரும்பகுதி கழிந்துவிடக்கூடும். அந்தக் காலதாமதத்தைக் கணக்கிட்டால் கதிர் வந்த திசை ஒருவாறு புலப்படும். பின்னர் அனுப்பப்பட்ட வேலாக்கள் காலத்தை நுட்பமாகக் குறிக்க வல்லவையாக இருந்தன. அவ்வாறு கணக்கிட்டபோது, கதிர்கள் பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை என்பது உறுதியாயிற்று. கிளெபெசாடல், ஸ்ட்ராங், ஆல்சன் ஆகிய மூவரும் 1973-இல் பதினாறு வெடிப்புகளைக் குறித்துக் கட்டுரை வெளியிட்டனர்.

திசை தெரிந்தும் தொலைவு தெரியவில்லை. இருளில் தெரியும் ஒளிப்புள்ளி, அடுத்த தெருவில் எரியும் அகல்விளக்காகவும் இருக்கலாம், பத்து மைலுக்கப்பால் உள்ள கலங்கரை விளக்காகவும் இருக்கலாம் அல்லவா? இந்த ஐயம் கால் நூற்றாண்டு நீடித்தது. 1991-இல் ஏவப்பட்ட காம்ப்டன் ஆய்வுக்கலம் ஒன்பது ஆண்டுகளில் 2,704 வெடிப்புகளைக் குறித்தது. அவை நம் பால்வீதியின் பட்டையை ஒட்டி அமையாமல் வானெங்கும் சமமாகச் சிதறிக் கிடந்தன. 1997-இல் இத்தாலிய, டச்சு நாடுகளின் பெப்போசாக்ஸ் என்னும் கோள் ஒரு வெடிப்பின் இடத்தை விரைந்து அறிவிக்க, தொலைநோக்கிகள் அங்கே மங்கி வரும் பின்னொளியைக் கண்டன. அவ்வாண்டு மே மாதத்தில் நிகழ்ந்த மற்றொரு வெடிப்பின் பின்னொளியைப் பிரித்து ஆராய்ந்ததில், அது பலநூறு கோடி ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வந்தது தெளிவாயிற்று. விளக்கு அகல்விளக்கன்று.

அத்தனை தொலைவிலிருந்தும் கருவிகளை நிறைக்கும் ஒளி எத்தகையது! மிகப் பெரிய சூரியச் சுவாலையின் ஆற்றலும், சூரியன் ஒரு வினாடியில் பொழியும் ஆற்றலின் ஒரு பகுதியே. காமாக் கதிர் வெடிப்போ, சூரியன் தன் ஆயிரங்கோடி ஆண்டு வாழ்நாள் முழுவதும் பொழிவதற்கு ஒப்பான ஆற்றலைச் சில வினாடிகளில், குறுகிய தாரைகளாகப் பீய்ச்சுகின்றது. அத்தாரை நம்மை நோக்கியிருந்தால்தான் நாம் காண்போம். இரண்டு வினாடிக்கு மேல் நீடிப்பவற்றுள் பெரும்பாலானவை பேருருவ நட்சத்திரத்தின் நடுப்பகுதி தன் எடை தாங்காமல் இடிந்து விழும்போது எழுவன. குறுகியவை பெரும்பாலும் இரு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதி ஒன்றாவதால் எழுவன. 2017 ஆகஸ்ட் 17 அன்று அத்தகைய மோதலின் ஈர்ப்பலை வந்து 1.7 வினாடி கழித்துக் காமாக் கதிர் வந்தது.

சுவாலை விட்ட இடத்திலேயே மறுபடியும் மறுபடியும் எழும். நட்சத்திரம் அழிந்து எழுந்த வெடிப்பு மீண்டும் வருவதில்லை. ஆகையால் இரண்டையும் கண்காணிக்கும் முறையும் வேறு. சூரியனின் கரும்புள்ளிகளைக் கொடைக்கானலில் 1901 முதல் கவனித்து வருகின்றனர். 2023-இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்1 கலம் பதினைந்து லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் சென்று சூரியனையே நோக்கி நின்றது. காமாக் கதிர் வெடிப்பு எத்திசையில் எந்நேரத்தில் வரும் என்று யாராலும் கூற இயலாது. 2004-இல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் என்னும் கலம் இதற்கெனவே, வானின் பெரும்பரப்பை ஒருசேரப் பார்த்துக்கொண்டிருந்து, துடிப்பொன்று தென்பட்டதும் யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் தன் தொலைநோக்கிகளைத் தானே அப்பக்கம் திருப்புமாறு அமைக்கப்பட்டது.