வாசலில் சாத்திவைத்த மட்டை

நேரில் பார்த்தே இராத ஒரு விளையாட்டுக்காரர் செத்துப்போனால் ஊரே ஏன் அழ வேண்டும் என்று கேட்டீர்கள். டீயைக் குடியுங்கள், ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் ஃபிலிப் ஹியூஸை வைத்துச் சொல்கிறேன்.

மேக்ஸ்வில் என்ற சிற்றூரில் வாழைத் தோட்டக்காரர் மகன். 20 வயதில் டர்பன் டெஸ்டின் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தவர். பிறகு அணிக்குள் வருவதும் வெளியே போவதுமாக இருந்தார். 2014 நவம்பர் 25 அன்று சிட்னியில் ஓர் உள்நாட்டுப் போட்டி. 63 ரன் எடுத்திருந்தபோது ஷான் அபாட் போட்ட பவுன்சர், ஹெல்மெட் மறைக்காத இடத்தில் கழுத்தில் பட்டது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது. இரண்டு நாளில் இறந்தார். 26வது பிறந்தநாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

சாவு வீட்டுக்குப் போனால் நமக்கு ஏதாவது வேலை இருக்கும். நாற்காலி போடலாம், வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாம். டிவியில் மட்டுமே பழகியவர் போய்விட்டால் துக்கம் இருக்கிறது, கைக்கு வேலை இல்லை. அந்த வாரம் சிட்னிக்காரர் ஒருவர் தன் மட்டையை வாசலில் சாத்திவைத்துப் படம் எடுத்துப் போட்டார். பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் அதையே செய்தார்கள். ஷார்ஜாவில் பாகிஸ்தானுடன் ஆடிய நியூசிலாந்து அணி மட்டைகளை வரிசையாக வைத்தது. அதன்பின் அந்த ஆட்டத்தில் அவர்கள் பவுன்சரே போடவில்லை.

63 என்ற எண்ணும் அப்படித்தான். காயத்தால் விலகினார் என்றிருந்த பதிவை 'ஆட்டமிழக்காமல் 63' என்று திருத்தினார்கள். அடிலெய்ட் டெஸ்டில் ரசிகர்கள் 63 விநாடி கைதட்டினார்கள். இதெல்லாம் நாடகம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என்னைக் கேட்டால், அந்தத் துக்கத்தின் மேன்மை அபாட் விஷயத்தில்தான் தெரிந்தது. பந்து போட்ட 22 வயதுப் பையனை வில்லனாக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆக்கவில்லை. இறுதிச் சடங்குக்கு அவரும் வந்தார். சில நாளில் அதே மைதானத்தில் பந்து போட்டு, ஒரே இன்னிங்ஸில் ஆறு விக்கெட் எடுத்தார்.

ஹியூஸ் குடும்பத்தின் துக்கம் வேறு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2016 மரண விசாரணையின் கடைசி நாளில் அவர்கள் பாதியிலேயே எழுந்து போனார்கள். யார் மீதும் குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. ஊர் மட்டைகளை எப்போதோ உள்ளே எடுத்து வைத்துவிட்டது; அவர்களுக்கு இன்னும் கேள்விகள் இருந்தன.

வேகப்பந்தை எதிர்கொள்ளும்போது கழுத்துக் காப்பு கட்டாயம் என்ற விதி ஆஸ்திரேலியாவில் 2023-இல்தான் வந்தது. உங்கள் பையன் கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறான் அல்லவா? ஹெல்மெட்டோடு அதையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள்.