வலியின் பாதை – 7: கால்சியம் நுழையும் வாசல்

மிளகாய்க்குக் காரம் தருவது காப்சைசின். அதில் கொஞ்சத்தை ஓர் எலியின் பின்னங்காலில் ஊசியால் செலுத்தினார்கள். ஐந்து நிமிடம் கழித்து அதன் தண்டுவடத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், மேலடுக்கு நரம்பு செல்களின் கிளைகள் உருமாறிக் கிடந்தன. சீராக ஓடிய கிளைகள் ஆங்காங்கே உப்பியும் இடையிடையே மெலிந்தும் இருந்தன. செல்லின் மேற்பரப்பில் பரவியிருந்த ஏற்பிகள் கூட்டமாக உள்ளே போய்விட்டன. ஒரு மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆயிற்று. பேட்ரிக் மன்டியின் குழு 1995-ல் இதை வெளியிட்டது. வலி என்பது வெறும் மின்சாரத் துடிப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அந்தப் படங்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இந்த மாற்றத்தைச் செய்தது, வலி நரம்பின் நுனி தண்டுவடத்தில் கொட்டும் ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற பெப்டைடு. உல்ஃப் வான் ஆய்லரும் ஜான் கேடமும் 1931-ல் லண்டனில் குதிரையின் மூளையிலும் குடலிலும் இருந்து எடுத்த சாற்றில் இதைக் கண்டார்கள். ஆனால் அது எதனால் ஆனது என்பது நாற்பது ஆண்டுகள் பிடிபடவில்லை. சூசன் லீமன் வேறொரு ஹார்மோனைத் தேடி மாட்டு மூளைச் சாற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். அதை ஏற்றிய எலிகளுக்கு வாயில் எச்சில் வழிந்தது. தேடியது கிடைக்கவில்லையே என்று ஒதுக்காமல் அந்த எச்சிலின் பின்னாலேயே போனார். கையில் சிக்கியது சப்ஸ்டன்ஸ் பி. 11 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது என்பது 1971-ல் தெளிவாயிற்று.

இவ்வளவு சின்னச் சங்கிலிக்கு அத்தனை வலு எப்படி வந்தது? பதில் கால்சியத்தில் இருக்கிறது.

நரம்பு செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம் அயனியின் அளவில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இருக்கிறது. நிரம்பிய ஏரியை ஒட்டிக் காய்ந்த வயல் கிடப்பதைப் போன்ற நிலை இது. மதகை விரற்கடை தூக்கினாலே வயலில் தண்ணீர் தெரிந்துவிடும். கால்சியம் ஏறுவதைக் கண்ணால் பார்க்க 1985-ல் வழி செய்தவர் ரோஜர் சியென். அவர் குழு உருவாக்கிய ஃபூரா-2 என்ற சாயத்தைச் செல்லுக்குள் ஏற்றினால், கால்சியம் கூடக் கூட அதன் ஒளிர்வு மாறும். சப்ஸ்டன்ஸ் பி பட்டதும் தண்டுவடச் செல்களில் அந்த மாற்றம் சில நொடிகளில் தெரிகிறது.

கால்சியம் இரண்டு பக்கமிருந்து வருகிறது. சப்ஸ்டன்ஸ் பி, என்.கே.1 என்ற ஏற்பியில் உட்கார்ந்ததும் செல்லுக்குள் ஐ.பி.3 என்ற மூலக்கூறு உருவாகி, உட்கிடங்கில் சேர்த்து வைத்த கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், செல்லின் மின்நிலை உயர்ந்தபடியே இருப்பதால் என்.எம்.டி.ஏ. என்ற கால்சியம் வாசலை அடைத்திருக்கும் மக்னீசியம் விலகி, வெளிக் கால்சியமும் புகுகிறது. இப்படிக் கால்சியம் ஏறிய செல் அடுத்த முறை சின்னத் தூண்டலுக்கும் பெரிதாகக் கத்துகிறது. வியன்னாவில் யூர்கன் சாண்ட்க்யூலரின் குழு 2003-ல் என்.கே.1 ஏற்பி உள்ள செல்களிலேயே இதைக் காட்டியது. அடிபட்ட இடத்தில் சட்டைத் துணி உரசினாலும் சுரீரென்பதற்கு இது ஒரு காரணம்.

வாசலைச் சாத்தும் பெப்டைடுகளும் உடலிலேயே உண்டு. ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில், பன்றி மூளையிலிருந்து என்கெஃபலினைப் பிரித்தார்கள். ஐந்தே அமினோ அமிலங்கள். வலி நரம்பின் நுனியில் இருக்கும் ஏற்பியில் அது பட்டால் அங்குள்ள கால்சியம் வாசல்கள் தயங்குகின்றன. நுனிக்குள் கால்சியம் நுழையாவிட்டால் சப்ஸ்டன்ஸ் பி வெளியே கொட்டாது. மார்ஃபின் பிடிப்பதும் இதே கயிற்றைத்தான்.

அப்படியானால் என்.கே.1 ஏற்பியை மட்டும் மருந்தால் மறித்துவிட்டால் வலி அடங்கிவிடாதா? மருந்து நிறுவனங்கள் அதைத்தான் நம்பின. விலங்குகளில் பலித்தது, மனிதர்களிடம் பலிக்கவில்லை. அந்த வரிசையில் வந்த அப்ரெபிடன்ட், 2003-ல் கீமோதெரபி வாந்தியை நிறுத்தும் மருந்தாக அனுமதி பெற்றது. புற்றுநோயாளிகளுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் வலி போகவில்லை. வலி நரம்பின் நுனி சப்ஸ்டன்ஸ் பி-யை மட்டுமா கொட்டுகிறது? குளூட்டமேட்டும் சி.ஜி.ஆர்.பி. என்ற பெப்டைடும் கூடவே வருகின்றன. ஒரு தூதரை நிறுத்தினால் மற்றவர்கள் சேதியைச் சேர்த்துவிடுகிறார்கள். எல்லோரும் கிளம்புவதற்குத் தேவையான கால்சியத்தையே மறித்தால்?

அந்த மருந்து கடலிலிருந்து வந்தது. பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டொமேரோ ஒலிவேரா, நல்ல கருவிகள் இல்லாத மணிலா ஆய்வகத்தில், எளிதாகக் கிடைத்த கூம்பு நத்தைகளின் விஷத்தை ஆராயத் தொடங்கினார். பிறகு அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் அவரிடம் சேர்ந்த மைக்கேல் மெக்கின்டாஷ், பள்ளி முடித்த கையோடு வந்த பதினெட்டு வயதுப் பையன். ‘கோனஸ் மேகஸ்’ நத்தையின் விஷத்திலிருந்து அவர் பிரித்த பெப்டைடு, எலிகளை நடுங்கவைத்தது. 25 அமினோ அமிலங்கள் கொண்ட அது, நரம்பு நுனியில் இருக்கும் என்-வகைக் கால்சியம் வாசலை நேரடியாக அடைக்கிறது.

அதையே செயற்கையாகத் தயாரித்து, சிகோனோடைடு என்ற பெயரில் 2004 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. மார்ஃபினைப் போல நாளாக நாளாக அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை, மூச்சையும் அடக்குவதில்லை. ஆனால் ரத்தத்தில் ஏற்றினால் மூளையைச் சூழ்ந்த தடுப்பைத் தாண்டாது. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்துக்குள் மெல்லிய குழாய் செருகி, பம்ப் வைத்துத்தான் செலுத்த வேண்டும். அளவு சற்றே மிஞ்சினாலும் தலைசுற்றல், குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிவது என்று ஆரம்பித்துவிடும். அதனால்தான் வேறு எதற்கும் அடங்காத கடும் வலிக்கு மட்டும், மருத்துவர்கள் மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுகிறார்கள்.

(தொடரும்)