படம் வந்தது, குரல் எங்கே?

நவம்பர் மாதம் மரித்தோரை நினைவுகூரும் மாதம். கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்றி, பூச்சாத்தி, மந்திரித்த பின் வீடு திரும்பும் நம் குடும்பங்கள், அன்று மாலை பீரோவைத் திறந்து பழைய படங்களை எடுத்துப் பார்ப்பது வழக்கம். தாமிரபரணிக் கரையோர ஊர்களில் அந்தப் பீரோவுக்குள் திருமணப் புகைப்படத் தொகுப்பு இருக்கும். பிள்ளைகளின் புதுநன்மைப் படம் இருக்கும். வளைகுடா நாட்டிலிருந்து மகன் விடுமுறையில் கொண்டுவந்த வீடியோ காமிராவும், அதன் கேசட்டுகளும் அட்டைகளும் இருக்கும். புகைப்படம் முகத்தைத் தரும். குரலைத் தர வல்லது இந்தக் காமிரா ஒன்றே.

நாம் நன்கு அறிந்த குடும்பம் ஒன்று பாளையங்கோட்டை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் ஆச்சி, மணி ஏழு அடித்ததும் விளக்கின்முன் முழந்தாளிட்டு, வீட்டார் அனைவரையும் அழைத்துச் செபமாலை சொல்லுவித்தவர். 2009ஆம் ஆண்டு அவர்தம் திருமணப் பொன்விழாவை, வன்தட்டில் பதிவு செய்யும் காமிராவால் மூத்த மகன் படமெடுத்தார். நன்றித் திருப்பலி, விருந்து, அன்றிரவு ஆச்சி முன்னின்று சொன்ன செபமாலை ஆகிய யாவும் அதில் பதிவாயின. ஆச்சி இறைவனடி சேர்ந்தபின், முதலாண்டு நினைவுக்கு அவற்றைத் தொகுத்துக் காட்ட விரும்பிய பேரன், காமிராவிலிருந்த கோப்புகளைக் கணிப்பொறியில் உள்ள படத்தொகுப்பு மென்பொருளுக்குள் கொண்டுவந்தான். படம் தெளிவாக வந்தது. ஆச்சியின் உதடுகள் அசைந்தன; விரல்களில் மணிகள் நகர்ந்தன. குரல் மட்டும் இல்லை.

மகன் மனமுடைந்து போனார். “ஒலி பதிவாகவே இல்லை போலிருக்கிறது” என்று எண்ணி, காமிராவைத் துடைத்து அழித்து யாருக்காவது கொடுத்துவிடவும் துணிந்தார். அவ்வேளையில் வீட்டுக்கு வந்த பங்கு இளைஞர் ஒருவர், “அண்ணாச்சி, காமிராவிலேயே ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். ஓடவிட்டார்கள். காமிராவின் சிறு ஒலிபெருக்கியிலிருந்து ஆச்சியின் குரல் எழுந்தது. வீடே அழுதது.

பேசும் குரலைக் கணிப்பொறிதான் கேட்க இயலாமல் இருந்தது. இந்த ஒரு வேறுபாட்டை அறியாமல், எத்தனை குடும்பங்கள் தம் பெற்றோரின் குரலைத் தாமே அழித்திருக்கும்! ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுத விழைகிறோம்.

இரு மொழியில் ஒரு மடல்

காமிரா ஒரு கோப்பில் படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கட்டித் தருகிறது. ஆயினும் அவ்விரண்டும் ஒரே முறையில் எழுதப்படுவதில்லை. ஒரே உறைக்குள் இரு மொழிகளில் எழுதிய இரு தாள்களை வைத்து அனுப்புவதை ஒக்கும் அது. ஒரு மொழி மட்டும் அறிந்தவர் ஒரு தாளைப் படிப்பார். மற்றதை வெறுந்தாளாகவே கருதுவார்.

2006ஆம் ஆண்டு சோனி, பானசோனிக் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஏவிசிஎச்டி என்னும் பதிவுமுறையை அறிமுகம் செய்தன. அதில் படம் எச்.264 முறையில் சுருக்கப்படுகிறது. ஒலி பெரும்பாலும் டால்பி நிறுவனத்தின் ஏசி-3 முறையில் சுருக்கப்படுகிறது. டிவிடியிலும் வன்தட்டிலும் பதிவு செய்த அக்காலக் காமிராக்கள் பலவற்றிலும் ஒலி இதே ஏசி-3தான். எளிய தொகுப்பு மென்பொருள்கள் சிலவற்றில் ஏசி-3ஐ விரித்துப் படிக்கும் பகுதி சேர்க்கப்படவில்லை. எனவே அவை படத்தை ஏற்றுக்கொண்டு, ஒலியைச் சொல்லாமலே விட்டுவிடுகின்றன. பிழைச்செய்தி எதுவும் தோன்றாததால், பதிவே இல்லை என்று நாம் மயங்குகிறோம்.

முதலில் சோதிக்க வேண்டியவை

முதலாவது, அந்த இளைஞர் சொன்னபடி காமிராவிலேயே ஓடவிட்டுக் கேளுங்கள். அங்கே குரல் கேட்டால் பதிவு உண்டு, அச்சம் வேண்டாம். அங்கும் கேட்கவில்லையெனில், காமிராவின் ஒலியளவைக் கூட்டியும், காதணி ஒலிபெருக்கியைச் செருகியும் பாருங்கள். வெளி மைக்கின் செருகி காமிராவில் இருந்தபோது, அந்த மைக் அணைந்திருந்தால், உள் மைக்கும் வேலை செய்திராது. அப்போது பதிவில் குரலே இராது. அதை மீட்கும் வழியும் இல்லை. இனி எடுக்கும் படங்களிலாவது, பத்து விநாடி எடுத்துக் கேட்டபின் தொடர்வது நலம்.

இரண்டாவது, கணிப்பொறிக்கு மாற்றிய கோப்பை விஎல்சி என்னும் இலவச மென்பொருளில் ஓடவிடுங்கள். அது ஏசி-3 உட்படப் பல முறைகளையும் படிக்க வல்லது. அங்கே குரல் கேட்டு, தொகுப்பு மென்பொருளில் மட்டும் கேட்கவில்லையெனில், குறை அந்த மென்பொருளில்தான்.

மருந்து

இதற்கு மருந்து ஒலியை வேறு முறைக்கு மாற்றுவதே. எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருள் படத்தைத் தொடாமல் அப்படியே நகலெடுத்து, ஒலியை மட்டும் பிசிஎம் என்னும் சுருக்கப்படாத முறைக்கு மாற்றித் தரும். அல்லது ஒலியைத் தனி வேவ் கோப்பாகப் பிரித்தெடுக்கவும் அதனால் இயலும். அந்தக் கோப்பைத் தொகுப்பு மென்பொருளில் படத்தின் கீழே வைத்து, இரண்டின் தொடக்கத்தையும் ஒன்றாகப் பொருத்தினால், உதடும் சொல்லும் இணையும். இதைக் கையாளக் கட்டளை வரிகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். கல்லூரியில் கணிப்பொறி பயிலும் பிள்ளைகளுக்கு இது கடினமன்று. ஹேண்ட்பிரேக் என்பது இதனினும் எளியது. ஆனால் அது படத்தையும் மறுபடி சுருக்குவதால், தரம் சிறிது குறையும்.

கோப்புகளை எடுக்கும்போது ஒரு பிழை நேர்வதுண்டு. படக்கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்து, மற்றவற்றைக் குப்பையென்று விட்டுவிடுகிறோம். நீண்ட பதிவைக் காமிரா பல துண்டுகளாக்கி வைக்கும். அத்துண்டுகளைப் பற்றிய குறிப்புகள் அந்த மற்றக் கோப்புகளில் உள்ளன. அவையின்றி ஒட்டினால், இணைப்புகளில் ஒலி ஒரு கணம் அறுபடலாம். ஆகவே அட்டையில் உள்ளவற்றை, பெயரும் அடுக்கும் மாறாமல், முழுவதுமாக நகலெடுப்பதே முறை.

கேசட் வைத்திருப்போர் கவனத்திற்கு

பழைய வி.எச்.எஸ். கேசட்டுகளுக்கு வேறு காரணம் உண்டு. அவற்றை மாற்றும் கம்பிகளில் மஞ்சள் முனை படத்தை மட்டுமே கடத்தும். வெள்ளையும் சிவப்பும் ஒலியைக் கடத்துபவை. மஞ்சளை மட்டும் செருகினால் ஊமைப்படமே வரும். மூன்றையும் செருகிய பின்னும் ஒலி வராவிடில், பதிவு செய்யும் மென்பொருளில் ஒலியின் வாயிலாக அந்த மாற்றுக்கருவி தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பெரும்பாலும் கணிப்பொறியின் சொந்த மைக்கே அங்குத் தேர்வாகியிருக்கும்.

1995இல் வந்த மினி டிவி கேசட்டுகளுக்கு ஃபயர்வயர் என்னும் கம்பியே உரியது. படமும் ஒலியும் அதில் சேர்ந்தே வரும். அக்காமிராக்கள் சிலவற்றில் உள்ள யுஎஸ்பி வாயில், அட்டையில் எடுத்த நிழற்படங்களை மாற்றுவதற்கென்றே அமைக்கப்பட்டது. இவ்வகைக் கோப்புகளில் முதல் வகை, இரண்டாம் வகை என இரண்டு உண்டு. முதல் வகையில் ஒலி படத்துக்குள்ளேயே பொதிந்திருக்கும். இரண்டாம் வகையில் தனித்தடமாகவும் இருக்கும். முதல் வகையில் ஒலியைக் காணாத மென்பொருளுக்கு இரண்டாம் வகையாக மாற்றிக் கொடுத்தால் போதும்.

காலம் குறுகியது

இப்பணியைத் தள்ளிப்போடலாகாது. வி.எச்.எஸ். கருவிகளைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையுடன் அதை நிறுத்திவிட்டது. ஓடவிடக் கருவியில்லாத கேசட், திறவுகோல் தொலைந்த பெட்டியே. அன்றியும் 2023 டிசம்பர் 17, 18 நாள்களை நாம் மறப்போமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டிற்று. நம்மை ஊட்டி வளர்க்கும் தாமிரபரணியே கரை மீறி வீடுகளுக்குள் புகுந்தது. அரிசி மூட்டையும் துணிமணியும் மீண்டும் வாங்கப்பட்டன. நனைந்த பெட்டியிலிருந்த குரல்களை எந்தக் கடையில் வாங்குவது?

ஆதலின் ஒரு நகல் வீட்டிலும், ஒரு நகல் வெளியூரில் இருக்கும் பிள்ளையிடமும் இருக்கட்டும். ஒவ்வொன்றின் மேலும் நாள், இடம், பேசுவோர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். வேறோர் இடத்தில் நகல் எடுத்து, அதன் ஒலியைக் காதால் கேட்டு உறுதி செய்யும்வரை, மூலத்தை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். பங்கின் இளைஞர் இயக்கத்தினர் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப்பின் பங்கு மன்றத்தில் ஒரு கணிப்பொறியை வைத்து, முதியோருக்கு இவ்வுதவியைச் செய்தால், அதுவும் சிறந்த பிறரன்புப் பணியாகும்.

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், காது கேளாத, திக்கிப் பேசும் ஒருவரை ஆண்டவர் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் செல்கிறார். அவருடைய காதையும் நாவையும் தொட்டுக் குணமாக்குகிறார். முதலில் செவி திறக்கிறது. பின்னரே நாவின் கட்டு அவிழ்கிறது. நம் வீடுகளிலும் இதுவே நிகழ்கிறது. தாத்தாவும் ஆச்சியும் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் செவிதான் திறந்திருப்பதில்லை. அவர்கள் உயிரோடிருக்கையில் கேளாத நாம், மறைந்தபின் கணிப்பொறியின்முன் அமர்ந்து குரலைத் தேடுகிறோம்.

நாம் சொன்ன அந்த வீட்டில், முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிந்த இரவு, தொகுத்த படம் ஓடியது. ஆச்சியின் குரல் அருள்நிறை மந்திரத்தின் முதற்பாதியைச் சொல்லியது. யாரும் ஏவாமலே, கூடியிருந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மறுபாதியைச் சொல்லி முடித்தார்கள். அன்று தொடங்கி அவ்வீட்டில் மணி ஏழு அடித்ததும் செபமாலை மீண்டும் நடைபெறுகிறது. மரித்த நம் பெற்றோர் நித்திய இளைப்பாற்றியில் மகிழ்வார்களாக. அவர்கள் விட்டுச்சென்ற குரலைக் கேட்கும் செவியை இறைவன் நமக்கு அருள்வாராக.