மாரடைப்புக்குப் பின் மீதி வைத்தியம்

மாரடைப்பு வந்தவரைக் கண்டி தேசிய வைத்தியசாலையிலிருந்தோ பேராதனைப் போதனா வைத்தியசாலையிலிருந்தோ வீட்டுக்கு அனுப்பும்போது, கண்டம் தப்பியது என்று நாம் ஆறுதல் அடைகிறோம். வைத்தியமோ அப்போது பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதிக்கு இதயப் புனர்வாழ்வு என்று பெயர்: அளவறிந்த உடற்பயிற்சி, மருந்து, உப்பும் கொழுப்பும் குறைந்த சாப்பாடு, புகைத்தலை விடுதல், பயம் தெளிதல். இதனால் இதயநோய் மரணமும் மறுபடி வைத்தியசாலையில் படுப்பதும் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் வசதியான நாடுகளிலும் பாதிப்பேர்கூட இதில் சேர்வதில்லை.

நம்மவர்கள் ஏன் போவதில்லை? சோம்பல் என்பது அநியாயமான பேச்சு. தெல்தோட்டையிலிருந்தோ புசல்லாவையிலிருந்தோ கண்டிக்கு வந்துபோக ஒரு பகல் கழியும். அன்றைய கூலி போய்விடும். பஸ் காசும் வேண்டும். இடம்பெயர்ந்து வந்தவருக்கு எந்தக் கிளினிக், எந்த நாள் என்பதே புதிது. பெண்களென்றால் அடுப்பையும் பிள்ளைகளையும் யாரிடம் விடுவது? நெஞ்சு வருத்தக்காரர் அசையக்கூடாது என்ற எண்ணம் வேறு. அன்பினாலேயே அவரைக் கதிரையில் கட்டிப்போடுகிறோம்!

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 11 வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வொன்று 2011இல் வெளியானது. நோயாளி வார்ட்டில் இருக்கும்போதே பெயரைத் தானாகப் பதிந்து, ஒருவர் கட்டிலருகே வந்து விளக்கியபோது, சேர்ந்தோர் தொகை வழமையைவிட இரு மடங்குக்கு மேலாயிற்று. ஆகவே துண்டு வெட்டுமுன் நாமே கேட்போம்: அடுத்த கிளினிக் எப்போது? எவ்வளவு தூரம் நடக்கலாம்? மண்வெட்டி பிடிப்பது எப்போது? கேட்கும்போது வீட்டார் ஒருவரும் கூட இருக்கட்டும்.

அடிக்கடி வரமுடியாதவர் அதையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். வீட்டிலிருந்தே முறையாகச் செய்யும் பயிற்சியும் வைத்தியசாலையில் செய்வதற்குச் சமமான பலன் தரும். வைத்தியர் அனுமதித்தபின் முதலில் சமதரையில் சில நிமிடங்கள் நடந்து, நாளாக நாளாகக் கூட்டலாம். நம் மலையேற்றங்கள் பிறகு. நடக்கும்போது பேச முடியவேண்டும். பேச்சு முட்டினால் வேகம் அதிகம். நெஞ்சு நோவு, தலைச்சுற்று வந்தால் நின்றுவிடுங்கள். நோவு தணியாவிட்டால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்; கட்டணமில்லை.

சுகமாயிருக்கிறது என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இது மிக ஆபத்து. இரத்தம் கட்டி மறுபடி அடைத்துவிடலாம். மறுபடி இடம்பெயர நேர்ந்தால் அடையாள அட்டை இருக்கும் பையிலேயே கிளினிக் கொப்பியும் மருந்தும் இருக்கட்டும். போய்ச் சேர்ந்த இடத்து அரசாங்க வைத்தியசாலையில் முதலில் காட்டவேண்டியது அந்தக் கொப்பியைத்தான்.