ஹெரால்டின் வயிற்றில் ஒரு மரக்குச்சி

சத்தம் போடாமல் வாருங்கள். செருப்பை மட்டும் கழற்றிவிடாதீர்கள், தரை முழுக்க கிரீஸ். சென்னை புதுப்பேட்டையை ஒட்டிய ஒரு சந்து, தகரக் கூரை, அடுக்கி வைத்த இரண்டு பழைய டயர்கள். அதன்மேல் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறது ஒரு எஞ்சின். ஸ்டாண்டர்டு ஹெரால்டு! 948 சிசி, நாலு சிலிண்டர், 22 வருஷத் தூக்கம். நாளைக் காலை வண்டிக்குள் இறங்கப்போகிறது. இன்றைக்கு ஒருநாள் அதைச் சுற்றிச் சுற்றி வரலாம், தொட்டுப் பார்க்கலாம், மோந்து பார்க்கலாம், மெக்கானிக் பாய் அசந்த நேரத்தில் ஒரு நட்டைக்கூட முடுக்கிப் பார்க்கலாம். எனக்கு நேற்று ராத்திரி தூக்கமே இல்லை.

ஹெரால்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று பிறந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலாட்டி. 1961 முதல் நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி அதைச் செய்தது. நாலு கதவு வைத்த ஹெரால்டு உலகத்திலேயே இந்தியாவில் மட்டும்தான் உண்டு. திரும்புவதற்கு 25 அடி வட்டம் போதும். மயிலாப்பூர் மாடவீதிகளை மனசில் வைத்துத்தான் செய்தார்களோ என்று தோன்றும். ஆனால் எனக்குப் பித்துப் பிடிக்க வைத்தது அதன் பானெட். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். பாய் முன்சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே டேப்பெட் வைப்பார். எந்தப் புது வண்டியில் மெக்கானிக்குக்கு இப்படி சோபா போட்டுக் கொடுக்கிறார்கள்?

இந்த எஞ்சின் ஒரு வீட்டுப் போர்ட்டிகோவில் கோணிச் சாக்குப் போர்த்திக் கிடந்தது. கழற்றி வைத்த புண்ணியவான் பிளக்குகளை அப்படியே விட்டிருந்தார், சந்தோஷம். சைலன்ஸர் பக்கத்து ஓட்டைகளை அடைக்க மறந்துவிட்டார். ஒன்றுக்குள் குளவி மண்வீடு கட்டிக் குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது. நான் ஊதப் போனேன், பாய் என் வாயைக் கையால் பொத்தினார். அந்த மண் உள்ளே விழுந்தால் எமரி பேப்பர் மாதிரி சிலிண்டரைச் சுரண்டிவிடுமாம். எஞ்சினைச் சாய்த்துப் பிடித்து, பெயின்ட் பிரஷ்ஷால் துளித்துளியாக வெளியே வருடி எடுத்தார்கள்.

ஜாம் ஆகியிருந்தது என்று சொல்லவே வேண்டாம். எந்த சிலிண்டர் என்று பாய் பிளக் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும் முன்பே சொன்னார்: "மூணாம் நம்பர்." எப்படி? எஞ்சின் எந்த நிலையில் நின்றுபோனாலும் ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வு திறந்தே இருக்கும். அந்த வாசல் வழியாகக் கடற்காற்று 22 வருஷம் போய் வந்துகொண்டிருக்கும். குளவி குடியிருந்த ஓட்டைக்கு மேலே, ராக்கர் மூடியைத் திறந்தபோது, 3ஆம் சிலிண்டரின் வால்வு ஸ்பிரிங் அமுங்கியிருந்ததை அவர் முதல் நாளே பார்த்துவிட்டார். மந்திரமெல்லாம் இல்லை, கண்தான்.

டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றுகிற மெல்லிய சிவப்பு எண்ணெயும் கலந்து ஊற்றி நாலு நாள் ஊறப்போட்டோம். யாரும் சுத்தியலைத் தொடக்கூடாது என்று உத்தரவு. ஐந்தாம் நாள் கிராங்க் புல்லி நட்டில் நீளக் கைப்பிடி ஸ்பேனரை மாட்டி, முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம், தொட்டில் ஆட்டுகிற பதத்தில் அசைத்தார். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. அப்புறம், "டிக்". அரை நூல் நகர்ந்தது! அரை நூல்தான்! நானும் பாயின் அக்கா மகனும் கட்டிப்பிடித்துக் குதித்ததில் டீ கிளாஸ் ஒன்று உடைந்தது.

அதற்கப்புறம் ஹெட்டைக் கழற்றியது, புது ரிங் போட்டது, வால்வு தேய்த்தது எல்லாம் எந்த எஞ்சினுக்கும் நடக்கிற சடங்கு. அதைத் தாண்டிவிடலாம். நான் உங்களைக் கூட்டி வந்தது யாரும் பார்க்காத இடங்களைக் காட்டத்தான். எஞ்சின் உள்ளே போய்விட்டால் அங்கெல்லாம் கை போகாது.

முதலில் பின்பக்கம். கிராங்க் ஷாஃப்டின் நுனியில், கியர் பாக்ஸ் தண்டின் மூக்கு உட்காருவதற்கு ஒரு சின்ன வெண்கல புஷ். தேய்ந்த பழையதை எடுக்கப் பிடிமானமே கிடையாது, பின்னால் குழி மூடியிருக்கிறது. பாய் என்ன செய்தார் தெரியுமா? ஓட்டை நிறைய கிரீஸை அடைத்தார். அதில் சரியாகப் பொருந்துகிற ஒரு கம்பியை விட்டு மேலே ஒரு தட்டு. கிரீஸ் அமுங்காது, போக்கிடமும் இல்லை. ஆகவே அது புஷ்ஷின் முதுகைத் தள்ள, புஷ் சமர்த்தாக வெளியே நடந்து வந்தது. நான் கைதட்டிவிட்டேன். புதிய புஷ் ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறியது, ஊறுகாய் மாதிரி.

அடுத்து, இந்த எஞ்சின் குலத்தின் பிறவிப் பலவீனம். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுக்க, பின்பக்க மெயின் பேரிங்கின் இருபுறமும் இரண்டு அரைவட்டத் தகடுகள். ஒவ்வொரு தடவை கிளட்ச்சை மிதிக்கும்போதும் அந்த அழுத்தத்தைத் தாங்குவது அதில் ஒன்று. சிக்னலில் கிளட்ச்சிலேயே கால் வைத்து நிற்கிறவர்களின் வண்டியில் அது தேய்ந்து, ஒருநாள் நழுவி, அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்புக்குள் விழும். அப்புறம் இரும்போடு இரும்பு, பிளாக்கே போய்விடும். பாய் டயல் கேஜ் வைத்து நெம்பினார்: 6 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நாலிலிருந்து எட்டுக்குள் இருந்தால் போதும். "பள்ளம் வெட்டின பக்கம் கிராங்கைப் பார்க்கணும். திருப்பி மாட்டினவனை நான் பார்த்திருக்கேன் சார்" என்றார், அவர் கைக்கு எத்தனை பிணங்கள் வந்தனவோ.

இப்போது எல்லாரும் குனியுங்கள். இதுதான் நான் ஒளித்து வைத்திருந்தது. எஞ்சினின் முன்பக்க அடியில், சம்ப் சேருகிற இடத்தில், ஒரு சின்ன அலுமினியக் கட்டை. அதன் இரு ஓரத்திலும் எண்ணெய் கசியாமல் அடைப்பது என்ன? ரப்பரா? தகடா? மரம்! சாட்சாத் மரக்குச்சி! டிரையம்ஃப் கம்பெனியே அப்படித்தான் வடிவமைத்தது. மருமகன் இரண்டு குச்சிகளைக் கத்தியால் சீவி, பசை தடவி, மெதுவாகத் தட்டி இறக்கி, நீட்டிக்கொண்டிருந்ததை பிளேடால் ஒரே மட்டமாக நறுக்கினான். ஓடும்போது எண்ணெய் பட்டு ஊறி, இன்னும் இறுகிக்கொள்ளும். ராக்கெட் காலத்தில் பிறந்த காருக்குள் தச்சு வேலை! அலுமினியத்தில் போகிற சம்ப் போல்ட்டை மட்டும் அளவுக்கு மீறி முடுக்கினால் மரை வழுக்கிவிடும். அந்த இடம் வந்ததும் பாய் ஸ்பேனரை மருமகன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

டேப்பெட் இடைவெளி 10 தவ். அதற்கு ஒரு ஒன்பதுக் கணக்கு. எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வைக்க வேண்டும், ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. பள்ளிக்கூடத்தில் இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் நான் கணக்கில் தேறியிருப்பேன். பெட்ரோல் பம்பின் ரப்பர் சவ்வையும் மாற்றியாயிற்று. 20 சதவீதம் எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும்.

கடைசியாக எண்ணெய், ஏறக்குறைய நாலு லிட்டர். உலர்ந்த பேரிங்கோடு எஞ்சினை எழுப்புவது பாவம். டிஸ்ட்ரிபியூட்டரையும் அதைச் சுற்றும் கியரையும் எடுத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாக ஒரு தண்டை விட்டு, டிரில்லிங் மெஷினால் எண்ணெய் பம்பைச் சுற்றினார்கள். முதலில் வெறும் கிர்ர். பிறகு டிரில்லின் குரல் தடித்தது, பாரம் பிடித்துவிட்டது. எல்லாரும் ராக்கர்களையே பார்த்துக்கொண்டு நின்றோம். கிராங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, பின்கோடி ராக்கரில் ஒரு பொன்துளி எட்டிப் பார்த்தது. தயங்கியது. வழிந்தது. "மாமு! வந்துருச்சு மாமு!"

மறுநாள் காலை செயின் பிளாக்கில் தொங்கி, கவிழ்ந்த பானெட்டுக்கு மேலே ஊசலாடி, இறங்கியது. கடைசி ஒரு அங்குலத்தில் அடம்பிடித்தது, கிளட்ச் தட்டின் பல்லும் கியர் பாக்ஸ் தண்டின் பல்லும் முகம் பார்க்கவில்லை. பாய் வண்டியை டாப் கியரில் போடச் சொல்லி, மருமகனை விட்டுப் பின்சக்கரத்தை ஒரு விரல்கடை உருட்ட வைத்தார். சளக்! உள்ளே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சட்டையைத் துவைக்கப் போட்டேன். பையிலிருந்து சுருள் சுருளாக மரச்சீவல் கொட்டியது. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். கார் எஞ்சினிலிருந்து என்றேன். யாரும் நம்பவில்லை.